அறைக்கு எத்தனை பேர்

மாலேயில் வீட்டுக்கு வீடு பெயர் உண்டு.
இந்த வீட்டின் பெயர் கடற்காற்று.
ஜன்னலைத் திறந்தால்
எதிர்வீட்டு ஏசியின் முதுகு.
அது விடும் வெக்கை மூச்சுதான்
இவர்களுக்குக் கடலும் காற்றும்.

என் படிவத்தின் முதல் கேள்வி:
அறைக்கு எத்தனை பேர்?
தலீகா விரல் மடக்குகிறாள்.
இரவில் ஆறு.
ஏழாவது ஆள் துறைமுகத்தில் சுமை இறக்கும் கொழுந்தன்.
விடிந்து அவன் வந்து படுக்கும்போது
பள்ளிக்குப் போன பிள்ளைகளின் சூடு
மெத்தையில் ஆறியிருக்காது.
"அவனை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்?"
அதற்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் பென்சிலால் 'அரை' என்று எழுதினேன்.
எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டாள்.

அடுத்தது கைப்பட்டை.
நூற்று அறுபதுக்கு நூறு.
"இப்போதுதான் மாடி ஏறி வந்தேன்,
அதனாலிருக்கும்."
ஐந்து நிமிடம் பொறுத்தேன்.
கீழே சந்தில் இரண்டு மோட்டார் சைக்கிள்கள்
நீ முன்னே நான் முன்னே என்று உறுமின.
மறுபடி பார்த்தேன்.
அதே நூற்று அறுபது.

எங்கள் அலுவலகம் நம்புவது
ஒரே ஓர் அம்புக்குறியை.
இடப்பக்கம் நெரிசல்,
வலப்பக்கம் நோய்.
தூக்கம் கெடும், புகை சேரும்,
கால் வீசி நடக்கத் தெருவிருக்காது,
அடுப்பு வைக்க இடமில்லாத வீட்டில்
கடையில் பொரித்த மீன் உருண்டையும்
சீனி கரையாத தேநீரும்
இரவுச் சாப்பாடாகும்.
பிறகு சர்க்கரையும் அழுத்தமும் ஆஸ்துமாவும்
வாடகை தராத குடித்தனக்காரர்கள்,
காலி செய்யவே மாட்டார்கள்.
நானும் நம்பினேன்.
இதுவரை போன நாற்பத்தொரு வீடுகளின் எண்களும்
அம்பு காட்டிய திசையில்
சொன்னபடி கேட்டு நடந்தன.

மூன்றாம் கேள்வி:
இங்கே எப்போது வந்தீர்கள், எதற்கு?

பதில் சொல்லாமல் திரையை விலக்கினாள்.
கட்டிலில் அவள் கணவர் ஸுஹைர்.
இடது முழங்கையின் உட்புறம்
கயிறு போல் தடித்த நரம்பு.
"தொட்டுப் பாருங்கள்."
தொட்டேன்.
எஞ்சினை அணைத்த பிறகும்
படகுப் பலகையில் மிஞ்சுமே,
அந்த அதிர்வு.

அவர் தீவு தெற்கே. மொத்தம் முந்நூறு பேர்.
கூப்பிட்டால் கேட்காத தூரத்தில் பக்கத்து வீடு.
இடத்துக்கா பஞ்சம்?
அங்கேயேதான் வந்தது சர்க்கரை.
சரக்குப் படகில் அரிசி வந்தது,
மூட்டை மூட்டையாகச் சீனி வந்தது,
குளிர்பானம் வந்தது,
மருத்துவர் வரவில்லை.
"உள்ளங்கை அகலத் தீவு.
அதைச் சுற்றவும் வண்டி வாங்கினேன்"
என்று தன்னைத்தானே கேலி செய்துகொண்டார்.
சிறுநீரகம் கைவிட்ட மாதம்
ரத்தம் கழுவும் இயந்திரம் இங்கே இருந்தது,
அவர் அங்கே இருந்தார்.
வாரம் மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம்.
எத்தனை முறை கடல் கடப்பது?
துணைக்கு மனைவி வந்தாள்,
அவளை விட்டிருக்காத பிள்ளைகள் இரண்டு,
வாடகைக்குத் தோள் கொடுக்கத் தம்பி,
தம்பியோடு அவன் மனைவி.
பழுதான ஒரு ஜோடிச் சிறுநீரகம்
ஆறு பேரைக் கடல் தாண்டி இழுத்து வந்தது.
ஏழாவது இந்த அறையில் பிறந்தது.
சந்தில் சத்தம் நின்றால்தான்
அதற்கு விழிப்பு வருகிறதாம்.

அம்பை மாற்றிப் போடலாமா என்று பார்த்தேன்.
முடியாது,
தலீகாவின் நூற்று அறுபது குறுக்கே நிற்கிறது.
தீவில் இருந்தபோது எவ்வளவு என்று கேட்டேன்.
"அங்கே யார் பார்த்தார்கள்?"

படிவத்தை மடித்துக்கொண்டு இறங்கினேன்.
இருவர் செல்லாத படிக்கட்டு.
கீழிருந்து ஒரு பெண்
தலையில் பை,
அக்குளில் எக்ஸ்ரே உறை,
பின்னால் சுவரைப் பிடித்தபடி ஒரு கிழவர்.
அவர் கால்கள் வீங்கியிருந்தன.
பல்லியாய்ச் சுவரோடு ஒட்டி வழிவிட்டேன்.

"கடற்காற்று இதுதானே?
ஓர் அறை காலி என்றார்கள்."