நாத்தனாருக்கு மருந்து

வலங்கைமான், ஆவணி 9.

உங்கள் நாலாவது கடிதம் வந்தது,
மடிப்பில் அரிசி மாவோடு.

நாத்தனாருக்கு இன்னும் தூக்கம் பிடிக்கவில்லை என்கிறீர்கள்.
இரண்டு மணிக்கு விழித்து,
மூணாறு தலைப்பில் தண்ணீர் விழுகிற சத்தத்தில்
நடவாட்கள் கூலியைக் கூட்டிக்கொண்டே கிடக்கிறாளாம்.
ஒருநாளும் தொகை ஒத்துவருவதில்லையாம்.
விடிவதற்குள் எல்லாவற்றையும்
உங்களிடம் சொல்லிவிடுகிறாள் போலிருக்கிறது.

இடது மார்பில் சுண்டைக்காய் அளவு கட்டி. வலியில்லை.
இந்த வரியில் மட்டும் எழுத்து சிறுத்திருக்கிறது.
மையை இரண்டு தரம் தொட்டிருக்கிறீர்கள்.

சூரணம் கேட்டீர்கள். அனுப்பவில்லை.
நாடியைத் தபாலில் பிடிக்க முடியாது,
கட்டியையும்தான்.
வெள்ளிக்கிழமை அழைத்து வாருங்கள்.
தொட்டுப் பார்க்க என் தமக்கை இருக்கிறாள்,
தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில்
பதினோரு வருஷம் நர்ஸாக இருந்தவள்.
அதிகம் கேட்கமாட்டாள்.

நாத்தனாருக்குக் கூச்சமென்றால் விட்டுவிடுங்கள்.
நீங்கள் மட்டும் வந்தால் போதும்.

மணியார்டரில் வந்த மூன்று ரூபாயைத்
திருப்பியிருக்கிறேன்.
நீடாமங்கலத்தில் ஏழரைக்கு பஸ்.
ஒரு டிக்கெட் போக மிச்சமிருக்கும்.

இப்படிக்கு,
வைத்தியர் அகோரமூர்த்தி