ஏழரை அடி

பாயா தெருபோங்கில் இருபத்திரண்டு மாடிக்குத்
தண்ணீர் ஏற்றுகிறவன் நான்.
பதினாறு வருஷம்.
தலைக்கு மேல் முந்நூறு குடும்பம்
அரிசி களைவதும் குழந்தைக்குக் கால் கழுவுவதும்
கீழே பம்பு அறையில்
முள் நடுங்குவதில் தெரியும் எனக்கு.

அந்த என் கையை நீட்டச் சொல்லி
பட்டை கட்டி ஊதவிட்டு
நூற்றெழுபது என்றாள் கிளினிக் நர்ஸ்,
கணக்கு நோட்டைத் திருப்பிக் கொடுக்கிற குரலில்.
எதன் நூற்றெழுபது என்றேன்.
பாதரசம் என்றாள்.
எழுந்திருக்காதீர்கள் என்றாள்.

பாதரசம் எனக்குப் பழக்கமில்லை.
அப்பாயின்ட்மென்ட் அட்டையின் பின்னால்
தண்ணீருக்கு மாற்றிப் பார்த்தேன்.
நல்ல இருதயத்துக்கு நூற்றிருபது:
ஐந்தடி நாலங்குலம்,
தவமலரின் வகிடு வரை.
என்னுடையது ஏழரை அடி.
வீட்டு நிலைப்படியைத் தலையால் முட்டி
அதற்கும் மேலே அரை அடி.
ஒவ்வொரு துடிப்புக்கும்.
நான் தூங்கும்போதும்.

"ஏழரை போன மாசமே விலகிருச்சுன்னு
ஜோசியர் சொன்னாரே" என்றாள் அவள்.
சிரிப்பாள் என்று பார்த்தேன்.

பெரியாஸ்பத்திரியில் எக்கோ.
சட்டையில் நோர்ஹிடாயு என்று பெயர் குத்தியிருந்தாள்.
இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து
விலாவில் குளிர்ந்த பசை தடவினாள்.
மூச்சை இழு என்றாள், இழுத்தேன்.
அடக்கு என்றாள், அடக்கினேன்.
விடு என்று சொல்லத்தான்
வெகுநேரம் எடுத்துக்கொண்டாள்.

திரையில் சாம்பல் நிறத்தில் ஒரு கை
துணி பிழிந்துகொண்டிருந்தது.
சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு புள்ளி
அந்தப் பக்கம் ஒரு புள்ளி.
நடுவே பதினான்கு மில்லிமீட்டர்.
பத்தில் நிற்க வேண்டியது.

இரும்பு தேயும்.
எத்தனை இம்பெல்லர் கழற்றியிருப்பேன்,
மென்று துப்பிய கரும்பாக.
இது மட்டும்
சுமை ஏற ஏறத் தடித்திருக்கிறது,
புகார்ப் புத்தகத்தில் ஒரு வரி எழுதாமல்.
உண்மையைச் சொன்னால்
ஒரு கணம் பெருமையாகத்தான் இருந்தது.
"ஜிம்முக்குப் போறவன் புஜம் மாதிரியா டாக்டர்?"
"அவன் வீட்டுக்குப் போய்ப் படுப்பான்" என்றார் டாக்டர் தியோ.
"இது எங்கே போகும்?"

பிழிவதில் குறையே இல்லையாம்.
அறுபத்திரண்டு சதவீதம், வாலிபனுக்கு உள்ளது.
கோளாறு விடுவதில்.
தடித்த சதை தளர மறுக்கிறது.
இரண்டு துடிப்புக்கு இடையே
அகலத் திறந்து வாங்கிக்கொள்ள வேண்டிய அரை நொடியில்
விறைத்துக்கொண்டு நிற்கிறது அறை.
நுரையீரலிலிருந்து வந்த ரத்தம்
மேலறையில் வரிசை கட்டுகிறது.
நெருக்கி நெருக்கி
மேலறையும் கொஞ்சம் பெருத்துவிட்டது.

லிஃப்ட் கெட்ட நாட்களில்
ஒன்பதாம் மாடியில் எனக்கு மூச்சு நின்றதற்குக்
கருவிப் பையைத் திட்டியிருக்கிறேன்.

தளர்வதற்கும் இருதயம்
சக்தி செலவழிக்கிறது என்றார் டாக்டர்.
பதினாறு வருஷத்தில் எனக்கு வந்த மெமோ எதிலும்
அப்படி ஒரு வாக்கியம் இல்லை.

கருவாட்டு டப்பா
பக்கத்து வீட்டு பெக் ஹூனிடம் போயிற்று.
அவளுக்கும் பிரஷர்தான்.
இருந்தும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

சுவர் மெலியுமா என்று கேட்டிருந்தேன்.
அழுத்தம் இறங்கினால், மாத்திரை தவறாவிட்டால்,
ஒன்றிரண்டு மில்லிமீட்டர் குறையலாம்.
குறையாமலும் போகலாம்.

இன்று இரவு ஷிஃப்ட்.
மேல் தொட்டி நிறைந்து
ஒரு மணிக்குப் பம்பு தானாக நின்றது.
எத்தனையோ ஆயிரம் முறை நின்றிருக்கும்.
நிற்கிற நேரத்தை
நான் எண்ணியதில்லை.
சட்டைப்பையில் மாத்திரை அட்டை,
குழாய்மேல் உள்ளங்கை.
முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது.
குழாய்க்குள் தண்ணீர் அசையாமல் நிற்பது
கைக்குத் தெரிந்தது.
நாற்பத்தொன்றில்
மேலே யாரோ முகம் கழுவினார்கள்.