பிறழ்சாட்சி

பஜ்ஜி சுற்றி வந்த தாளில் இருந்தது புதிர்.
பாதி எண்ணெய், பாதி எழுத்து.
டவாலி ஜெபமணி உரக்கப் படித்தார்,
சாட்சியைக் கூப்பிடும் அதே குரலில்:

இரண்டு கதவு. இரண்டு காவலாளி.
ஒருவன் வாய் திறந்தால் உண்மை,
மற்றவன் திறந்தால் பொய்.
எவன் எவனென்று நெற்றியில் எழுதவில்லை.
ஒரு கதவுக்குப் பின்னால் தெரு,
இன்னொன்றின் பின்னால் புலி.
ஒரே ஒரு கேள்வி கேட்கலாம்.
விடை, பக்கம் பதினேழு.

பதினேழாம் பக்கத்தில்
வேறு யாரோ மிளகாய் பஜ்ஜி தின்றிருப்பார்கள்.

கரண்ட் இல்லை. ஐயா சேம்பரில் இருந்தார்.
எழும்பூர் கோர்ட்டின் இரண்டாம் மாடியில்
வக்கீல்கள் அங்கிக்குள் வெந்துகொண்டிருந்தார்கள்.
நான் தட்டச்சுக்காரி.
இருபத்திரண்டு வருடமாய்
சொன்னதைச் சொன்னபடி அடிக்கிறவள்.

காலையில் டவுட்டன் சிக்னல் வழக்கு.
வேன் ஏறிய காலை
பெஞ்சில் நீட்டி வைத்திருந்தார் ஒருவர்.
முதல் சாட்சி சொன்னார், விளக்கு பச்சை.
அடித்தேன்.
இரண்டாம் சாட்சி, சிவப்பு,
பெத்த புள்ள மேல சத்தியமா சிவப்பு.
அதையும் அடித்தேன்.
பச்சைக்கும் சிவப்புக்கும் என்னிடம் இருப்பது
ஒரே கறுப்பு ரிப்பன்.

மூன்றாவது அமலதாஸ், இளநீர் வியாபாரம்.
'காய் சீவிக்கினு இருந்தேன்யா.
சத்தம் கேட்டுத்தான் திரும்புனேன்.
வெளக்கெல்லாம் நான் பாக்கல.'
போலீசில் வேறு மாதிரி சொன்னீர்களே?
'அவங்களா எழுதிக்கினாங்க.
கையெழுத்து மட்டும்தான் என்னுது.'

அரசு வக்கீல் எழுந்தார்.
பிறழ்சாட்சி என அறிவிக்கக் கோரினார்.
அறிவிக்கப்பட்டது.
றகரமும் ழகரமும் சரியாக விழுந்தனவா என்று
ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டேன்.

விடை எனக்கு நாலரை மணிக்கு வந்தது,
மூன்றாம் நகலைப் பிரித்தெடுக்கும்போது.
எவனிடமாவது கேள்:
'தெருவுக்கு எது வழியென்று அவனைக் கேட்டால்
எந்தக் கதவைக் காட்டுவான்?'
பொய்யன் மற்றவனின் உண்மையைத் திரித்து
புலியைக் காட்டுவான்.
உண்மைக்காரன், பாவம்,
பொய்யனின் சொல்லை
ஓர் எழுத்துப் பிசகாமல் ஏந்தி வந்து
அவனும் புலியைத்தான் காட்டுவான்.
நீ மற்றதைத் திற.

ஜெபமணி தொடையில் தட்டிச் சிரித்தார்.
எனக்கு அந்த உண்மைக்காரனின் விரலை
எங்கோ பார்த்தது போலிருந்தது.
நகக்கண்ணில் மை.

அமலதாஸை நிறுத்திப் பார்த்தேன் கதவருகே.
'நேத்துதான் சார் வேலைக்கு வந்தேன்.
தொறந்து பாத்ததில்ல.'
அப்படிச் சொல்கிறவனை வைத்துக்கொண்டு
புதிர் என்ன செய்யும்?

படியிறங்கும்போது அவரே நின்றிருந்தார்.
சாட்சிப்படி எங்கே தருவார்கள்?
ஜெபமணி மாடியைக் காட்டினாராம்,
மாடியில் கீழே போகச் சொன்னார்களாம்.
ஒரு நாள் வியாபாரம் போச்சும்மா.
கேஷியர் கிளம்பியாயிற்று,
நாளைக்கு வாங்க என்றேன்,
நல்ல எண்ணத்தில்தான்.

வேப்பேரி தாண்டியபின் நினைவு வந்தது:
நாளை இரண்டாம் சனிக்கிழமை. கோர்ட் கிடையாது.

டவுட்டன் அருகே பஸ் நின்றது.
நடைபாதையில் சாக்கு போட்டு மூடிய வண்டி,
அடியில் குலையோடு நாலைந்து காய்.
அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
சிக்னலுக்கு நின்றதா, யாரேனும் இறங்கவா,
விளக்கு என்ன நிறம்,
நான் பார்க்கவில்லை.