இருபது மில்லிகிராம்

ஈஜோக் செம்பனை ஆலையில்
எடைமேடைக் கிராணி நான்.
லாரி உள்ளே வரும்போது ஒரு கணக்கு,
குலையைக் கொட்டிவிட்டுத் திரும்பும்போது ஒரு கணக்கு,
இரண்டுக்கும் நடுவே மிஞ்சுவதுதான் பழம்.
பதினோரு வருஷமாய்
டன்னுக்குக் கீழே எதையும் மதித்ததில்லை.

அந்தக் காப்சூல் இருபது மில்லிகிராம்.
ஒரு லாரி நிறைய ஏற்றி வந்தாலொழிய
என் மேடை அதைக் கண்டுகொள்ளாது.

அரசாங்கக் கிளினிக்கின் மருந்துச் சன்னலில்
பூவான் ரொஸ்னானி மலாயில் சொன்னார்.
லாரிச் சீட்டின் பின்பக்கம் தமிழில் எழுதிக்கொண்டேன்:
காலையில், பசியாறுவதற்கு அரை மணி முன்னே.
முழுசாய் விழுங்கணும், மெல்லக்கூடாது.
நாலு வாரம். அப்புறம் வந்து காட்டணும்.
நீங்களாக நீட்டிக்கொண்டு போகாதீர்கள் என்றாரே,
அதற்குக் கீழே கோடு கூடப் போட்டேன்.

கோடு போட்ட கைதான்
ஆறாம் வாரமும் டவுன் பார்மசியில் காசு நீட்டியது.
நிறுத்திப் பார்த்தேன்; மூன்றாம் நாள்
முன்னைவிட மோசமாய் எரிந்தது.
எரிகிறதே என்று மறுபடி போட்டேன்.
போய்க் கேட்டிருக்கலாம்.
கிளினிக் திறக்கும் நேரம் எனக்கு வேலை நேரம்.

சன்னாசி அண்ணன் ஒரு நாள்
மேடையில் லாரியை நிறுத்திவிட்டு
நெஞ்சுக்குழியில் கட்டைவிரலை அழுத்திக்கொண்டு,
"உள்ள எவனோ வெல்டிங் வைக்கிறாம்மா" என்றார்.
எங்கள் ஆலையில் எல்லாமே கைமாற்றுதான்,
குடை, சம்பல், டாப்-அப்.
ஒரு அட்டையை உடைத்து ஆறு கொடுத்தேன்.
முடிந்ததும் இன்னும் ஆறு.
நாசி லெமாக் முடித்து, காப்சூலைப் பிரித்து,
தே தாரேக்கில் கொட்டிக் கலக்கிக் குடித்தாராம்.
"உருண்டை உருண்டையா பல்லுல மாட்டுது" என்றார்.
நான் சிரித்தேன்.

முதுகுவலிக்கு மளிகைக்கடையில்
தினம் இரண்டு மாத்திரை வாங்குவதை
அவர் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை, நல்ல மழை.
"மூணு நாளா தார் மாதிரி கறுப்பாப் போவுது,
ஈஜோக் ரோட்டுக்கே போடலாம்."
பின்லாரிக்காரன் கதவைத் தட்டிச் சிரித்தான்.
எனக்கும் சிரிப்பு உதடுவரை வந்தது.
வந்த இடத்திலேயே நின்றது.
ரொஸ்னானி கடைசியாய்ச் சொன்னது,
நான் கோடு போடாமல் விட்டது:
மலம் கறுத்தால், ரத்தமாய் வாந்தி எடுத்தால்,
விழுங்கும்போது அடைத்தால், சும்மா இளைத்தால்,
காப்சூலை நம்பி உட்காராதே,
உடனே ஓடி வா.

தடுப்புக் கட்டையை இறக்கினேன்.
பின்னால் பதினாறு லாரி ஹாரன் அடித்தது.
மண்டோர் காரின் பின்சீட்டில்
அண்ணன் வெளிறிப்போய்,
"குலை கனிஞ்சிடும்மா, சீக்கிரம் எடை போடு" என்றார்.

இரண்டு பை ரத்தம்.
குழாய் விட்டுப் பார்த்த டாக்டர் ஆங்
இரைப்பையில் ரத்தம் கசிகிற புண்ணைக் கண்டார்,
கூடவே குடித்தனம் செய்த ஒரு கிருமியையும்.
நான் கொடுத்த மருந்தின் உடன்பிறப்பைத்தான்
ஊசியில் ஏற்றினார்கள்.
மருந்து மேல் தப்பில்லை.
பார்த்து, கேட்டு, அளந்து கொடுத்தார்கள்.
நான் எரிச்சலை மட்டும் அமுக்கிக் கொடுத்தேன்,
புண் அடியில் தன் வேலையைப் பார்த்தது.

ஒன்றரை மாசம் கழித்து வந்தார்.
முதுகு மாத்திரை கிடையாது, பெல்ட் கட்டியிருந்தார்.
"ஏம்மா, நீ போய்க் காட்டினியா?" என்றார்.
மேடையின் எண்ணைப் பார்ப்பதுபோல்
திரும்பிக்கொண்டேன்.

மறுநாள் லீவு எழுதிக் கொடுத்தேன்.
டிராயரில் மூன்று காப்சூல் மிச்சம்.
நேப்பாளிக் காவலர் தாப்பா வயிற்றைத் தடவி
"அக்கா, காஸ் மருந்து?" என்று கேட்டபோது
டிராயரைப் பூட்டினேன்.
"வேற என்ன மாத்திரை சாப்பிடுற?" என்றேன்.
விழித்தார். பிறகு மெல்ல
சட்டைப் பையிலிருந்து ஒவ்வொன்றாய்
என் மேசைமேல் எடுத்து வைக்க ஆரம்பித்தார்.