நாற்பத்தேழாம் எண் கிடா

ஓமலூர்ப் பண்ணையில்
மூன்றாவது ஊசியும் போட்டாயிற்று.
ரத்தத்தில் குறையில்லை என்கிறார் டாக்டர் பூங்காவனம்.

குறையில்லைதான்.
தாடியில் தானே மூத்திரம் பீய்ச்சிக்கொண்டு,
மேலுதட்டைச் சுருட்டி, நாக்கைத் துடிக்கவிட்டு
கொட்டகையையே நாறடிக்கிறது அந்தச் சேலம் கருப்பு.
பெட்டையின் விலாவில் முன்னங்காலால் தட்டுகிறது.
பிறகு
என் கையிலிருக்கும் ரப்பர் குழாயைப் பார்க்கிறது.

தை மாசம். தெர்மாமீட்டர் உடைந்திருந்தது.
விரலை விட்டுப் பார்த்து
சரியாகத்தான் இருக்கும் என்று
வெந்நீர் ஊற்றினேன்.
ஒரே ஒரு தடவை.

பதிவேட்டில் ‘விருப்பமின்மை’ என்று எழுதச் சொல்கிறார்.
எழுதுகிறேன்.

குழாயை வைத்துவிட்டு வெளியே வந்து
சுவருக்கு அந்தப் பக்கம் நிற்கிறேன்.
கிழக்கே சேர்வராயன் மலை மேகத்துக்குள்.
என் சட்டையிலும் அதன் வாடை.
குளம்புச் சத்தம் கேட்கிறது,
நின்றுவிடுகிறது,
மறுபடி கேட்கிறது.