மேக்கணக்கு

ராகலையிலிருந்து பஸ்ஸில் வந்தால்
ஸ்டோரடியில் இறங்குங்கள்.
ஆட்டோக்காரன் மேலே வரைக்கும் வருவேன் என்பான்,
வரமாட்டான்,
மூன்றாம் வளைவில் கல் பெயர்ந்து கிடக்கிறது.
கொழுந்து மடுவத்தில் தண்ணீர் பிடித்துக்கொள்ளுங்கள்.
அதற்கு மேலே ஒரு பீலி உண்டு,
ஆனால் அது எங்கள் லயத்துக்குப் போகிற தண்ணீர்,
கால் கழுவாதீர்கள்.

அடுத்தது என் கேட்.
பெயர், ஊர், அடையாள அட்டை இலக்கம்,
ஏறிய நேரம், இறங்கிய நேரம்.
துரையின் கடிதம் இருந்தால் நல்லது.
இல்லாவிட்டால் நான் துரைக்குப் போன் போட வேண்டும்,
போன் போட
அந்தச் சவுக்கு மரத்தடிக்குப் போக வேண்டும்,
அதற்குள் நீங்கள் போய்விடுவீர்கள்.
இது எனக்கும் தெரியும்
துரைக்கும் தெரியும்.

மலைக்குப் படத்தில் பெயரில்லை, உயரம் மட்டும்.
சிங்களத்தில் தனிக்கன்கந்த,
எங்களுக்கு ஒத்தக்காது.
உச்சிப் பாறை ஒரு பக்கம் மட்டும் விடைத்து நிற்கும்
யாரோ கூப்பிட்டது போல.

பதினொரு வருஷமாக வழி சொல்கிறேன்.
ஏறியதில்லை.
யாரும் கேட்டதுமில்லை.
நான் வழி படித்தது
இறங்கி வருகிறவர்களின் கால்களில்.

காலுறை முழுக்க மானாப்புல் விதை என்றால்
கிழக்கு முதுகால் வந்தவர்கள்.
கணுக்காலில் அட்டை கடித்த ரத்தம்,
தலைமுடியில் பாசி நூல் என்றால் காட்டுப் பாதை.
இரண்டு உள்ளங்கையும் சிராய்த்து
ஒன்றும் பேசாமல் வருகிறவர்கள்
காதடிப் பாறையில் இறங்கப் பார்த்தவர்கள்.
அவர்களுக்கு ஒரு பிளேன்டீ கொடுப்பேன்.
எந்தக் கல்லில் வலது கை,
எந்த வேர் நம்பலாம்,
எல்லாம் அந்த டீ ஆறுவதற்குள் சேர்த்தது.

போன மாசியில் நாலு பேர்.
நிசங்க, தருஷன், ஹிமாஷா, அக்குறணை ரிஸ்மி.
ஏறியது காலை ஏழு பத்து.
மாலை ஐந்தே முக்காலுக்கு மூன்று பேர்.
"ரிஸ்மி வந்துட்டானா அங்கிள்?"

அவர்கள் காலைப் பார்த்தேன்.
அட்டைக் கடி. ஒரு விதை கூட இல்லை.
அப்படியானால் அவன் புல் முதுகில் தனியாக.
பனி இறங்கினால் அந்த முதுகு இரண்டாகத் தெரியும்,
இடப்பக்கம் லேசான இறக்கம்,
லேசானது போய் முடிவது காதடியில்.

டோர்ச், சவுக்காரத் துண்டு, சாக்குக் கட்டுகிற கயிறு.
உண்ணாமலை கேட்டாள்,
"ஒங்களுக்கு வழி தெரியுமா?"
பதினொரு வருஷத்தில்
அதைக் கேட்ட முதல் ஆள் என் பெண்சாதி.

அறுந்த வேலிக்கம்பி இருந்தது.
பதுளை டீச்சர் சொன்ன இரட்டைக் கல் இருந்தது.
பாஷை தெரியாத வெள்ளைக்காரன்
கையால் தோண்டிக் காட்டிய பள்ளம்,
அதுவும் அவன் காட்டிய ஆழத்திலேயே.
யாரும் சொல்லாதது ஒன்று:
அங்கிருந்து எங்கள் லயத்து பல்புகளை
எண்ணலாம்.
தொங்கல் காம்பரா மட்டும் இருட்டு.
அது என் வீடு.
அவள் இன்னும் கேட்டடியில் நிற்கிறாள்.

ரிஸ்மி புல்லைப் பிடித்து உட்கார்ந்திருந்தான்,
கால் பிசகி,
கழற்றிய சப்பாத்தை மடியில் வைத்துக்கொண்டு.
"எவ்வளவு கத்தினேன், ஒருத்தருக்கும் கேட்கல"
என்றான்
காதுக்கு நேர் கீழே இருந்து.
உச்சி எங்கள் தலைக்கு மேல் இருபதடி.
டோர்ச் வெளிச்சம் போனது,
நான் போகவில்லை.

மாசக் கடைசியில் கிளாக்கர் புத்தகத்தைப் புரட்டி
ஒரு பக்கத்தில் விரலை வைத்தார்.
ஏறியவர் நாலு.
இறங்கியவர் ஐந்து.
கடைசி வரியில் என் எழுத்தில் என் பெயர்,
இரவு பதினொன்று நாற்பது.
"மருதவீரன், மேக்கணக்கு இடிக்குதே.
வெட்டிட்டுச் சரியா எழுது."

பேனையில் மை இல்லை என்றேன்.