இரண்டாம் தடம்

வூச் நகரம், ஐந்தாம் மாடி.
கீழே வளைவில் டிராம் திரும்பும்போது
கம்பியும் சக்கரமும் உரசிக்கொள்ளும்.
நான்காம் தடத்து இரைச்சலுக்கு
அதைவிட நல்ல மாதிரி கிடைக்காது.

பகலில் ஆஸ்பத்திரிக் கருவிகளைப் பழுதுபார்க்கிறேன்.
சொட்டுமருந்து தீர்ந்தால் கூவும் பெட்டி,
மூச்சு தவறினால் கூவும் பெட்டி,
எல்லாம் சதுர அலைகள்.
இரவில் அதே அலைகளை
யாரும் சாகாத இடத்துக்குக் கூட்டிவருகிறேன்.

டிராக்கரில் இசை மேலிருந்து கீழே இறங்கும்,
மளிகைக் கணக்குப்போல வரிவரியாக.
ஒன்பதுக்கு அடுத்தது ஏ.
எஃப் முடிந்தால்தான் பத்து.
இந்தக் கணக்கில் எனக்கு வயது இருபத்தொன்பது.
வாசலுக்கு வெளியே நாற்பத்தொன்று.

நாலே தடம்.
இரண்டு சதுரம், ஒரு முக்கோணம், ஓர் இரைச்சல்.
முக்கோணத்துக்கு ஒலியைக் கூட்டத் தெரியாது, குறைக்கத் தெரியாது,
உண்டு, அல்லது இல்லை,
என் முன்னாள் கணவரின் பேச்சுபோல.
மூன்று சுரம் சேர்ந்து ஒலிக்கவேண்டுமென்றால்
ஒரே தடம் மூன்றுக்கும் ஓடி ஓடி வரும்
நொடிக்கு ஐம்பது முறை,
ஒற்றை சர்வர் மூன்று மேசைக்கும் காப்பி வைப்பதாக.
காது ஏமாந்து, ஆள் மூன்று என்று எண்ணும்.

விளையாட்டை எழுதுகிறவன் ஜியெமோவித்.
பழைய பெகாசஸ் பெட்டிக்குப் புதுக் கேட்ரிட்ஜ்.
கூரை கூரையாகத் தாவும்
புகைபோக்கி துடைப்பவன்தான் நாயகன்.
எங்கள் ஊரில் அப்படி ஒருவனைக் கண்டால்
சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொள்வோம்,
அதிர்ஷ்டம் வருமாம்.

எள் விழ இடமில்லாத அதற்குள்
எனக்கு இரண்டு கிலோபைட் ஒதுக்கினான்.
பாதி மெட்டு முடிந்தபிறகு சொல்கிறான்:
"குதிக்கும் சத்தம் இரண்டாம் தடத்தில் வரும்."

இரண்டாம் தடத்தில்தான் என் மெட்டு.

அவன் தாவும்போதெல்லாம்
அதில் ஒரு வாய் போய்விடும்.
ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதை.
முதல் தடத்துக்கு மாற்றலாமா என்றால்
அங்கே ஏற்கெனவே நாணயச் சத்தம் குடியிருக்கிறது.

இரண்டு நாள் அவனோடு பேசவில்லை.
மூன்றாம் நாள் உட்கார்ந்து
கடிபட்டாலும் நிற்கிற மெட்டு ஒன்றை எழுதினேன்.
சொல்லவேண்டியதை இரண்டு முறை சொல்லி,
நடுநடுவே வெற்று வரிகள் விட்டு.
திரையில் மூன்று புள்ளிகளாகத் தெரியும்
அந்த வெறுமை.
நானே கடித்துவைத்துவிட்டால்
அவன் கடிப்பதற்கு என்ன இருக்கும்?

சனிக்கிழமை சோதனைக்கு வந்தான் கயெடான்,
ஜியெமோவித்தின் அக்கா மகன், ஒன்பது வயது.
முதல் கூரை, குதித்தான்.
இரண்டாம் கூரை, குதித்தான்.
மூன்றாவதன் விளிம்பில் நின்றுவிட்டான்.
கட்டைவிரல் பொத்தான்மேல். அழுத்தவில்லை.
நேரம் எண்பது. அறுபது.
எங்கோ பிழை என்று
ஜியெமோவித் நோட்டைத் திறந்தான்.

"மாட்டிக்கொண்டதா?"
"இல்லை. குதித்தால் பாட்டு நிற்கிறது.
முழுசாக எப்படி இருக்கும் என்று கேட்கிறேன்."

மெட்டு ஒரு சுற்று வந்தது, ஓட்டைகளோடு.
மறுபடி தொடங்கியது, அதே ஓட்டைகளோடு.
தாவுகிறவனுக்காக விட்ட இடைவெளி எல்லாம்
நிற்கிறவன் காதில்
சந்தில் விழுந்த பல்போல.
நான் அவன் முகத்தைப் பார்க்காமல்
டீ கோப்பையைப் பார்த்தேன்.

"இவ்வளவுதானா?" என்றான்.

நேரம் பூஜ்யம்.
தொப்பியோடு தலைகுப்புற விழுந்தான் துடைப்பவன்.
சாவுக்கென்று நான் எழுதியது மூன்றே சுரம்,
ஒரு மதியம் சாப்பாட்டு இடைவேளையில்.
அப்போது நான்கு தடங்களும் அதற்கே.
எதுவும் குறுக்கே வராது.

"இது நல்லாருக்கு" என்றான் கயெடான்,
மறுபடி விழப் போனான்.

அன்றிரவு புள்ளிகளை ஒவ்வொன்றாக அழித்து
சுரம் வைத்தேன்.
கடிப்பவன் கடிக்கட்டும்.
கடைசியில் மிச்சம் பதினோரு பைட்.
என் கணக்கில், பி.